கிழக்கு மூலை மிளகாய்

கரியாகிப்போன ஒற்றை நெல்மணியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "மூச்சை மெதுவா விடுங்கம்மா, பறந்துடும்" என்றார் மேடம். பறக்க விட்டுவிடுவேனா. பத்து வயதில் நாற்று முடி தூக்க ஆரம்பித்த கை இது. உமியெல்லாம் போய், சுருங்கி, அடுப்புக் கரியின் துணுக்கு போலத்தான் இருந்தது. ஆனாலும் அரிசியின் முதுகில் வரப்பு வைத்தது போல ஓடும் கோடுகள் அழியவில்லை. முளை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பள்ளமும் இருந்தது. மோட்டா ரகம் என்று சொன்னேன். மேடம் தலையாட்டினார். சோழ ராஜாக்கள் காலத்தில் யாரோ ஒரு பெண் அடுப்படியில் சிந்திய நெல் அது என்றார். சிந்தியதால் கருகியது, கருகியதால் பூச்சி தொடவில்லை, மக்கவும் இல்லை. பதமாக வெந்து சோறாகியிருந்தால் அன்றைக்கே தீர்ந்துபோயிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாழ வந்த புதிதில் ஒரு கைப்பிடி அரிசியை அடுப்பில் சிந்தியதற்காக என் மாமியார் மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சிந்தியதுதான் நிலைக்கும் என்பதை அவரிடம் போய்ச் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர். கரைக்கு அந்தப் பக்கம் நத்தமேடு என்று ஒரு மேடு உண்டு. நாலு பனைமரம், மீதியெல்லாம் வேலிக்காத்தான் முள். மழை பெய்து ஓய்ந்தால் பானை ஓடுகள் கழுவி வைத்தது போல மேலே வந்து கிடக்கும். ஆடு மேய்க்கப் போகிறவர்கள் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம், ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கி அந்த மேட்டில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாக அளந்தபோது, புதையல் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. பொன் பானை என்றார்கள், ஐம்பொன் சிலை என்றார்கள். நூறு நாள் வேலையில் கால்வாய் தூர் எடுத்துக்கொண்டிருந்த எங்களில் பத்துப் பேரை அந்த வேலைக்கு எடுத்தார்கள். நானும் என் ஓரகத்தியும், அதாவது என் கொழுந்தனார் மனைவியும் அதில் இருந்தோம். முதல் நாளே, தோண்ட வந்தவர்களுக்குப் பொறுப்பான மேடம் எங்களை உட்காரவைத்து, தான் தேடி வந்தது கரி என்று சொன்னார். கரியா என்று கேட்டோம். ஆமாம், கருகிப்போன விதை, கருகிப்போன தானியம், விறகுக் கரி, அவ்வளவுதான் என்றார். என் ஓரகத்தி என் காதோரம் குனிந்தாள்.

"நம்ம வூட்டு அடுப்புல கூட கீது அக்கா. அள்ளிக் குடுத்துட்டா வேல முடிஞ்சிடும்ல?"

அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கரி மேடம் என்று பெயர் வந்துவிட்டது. அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் தொப்பி, காலில் கனமான பூட்ஸ். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன லென்சு ஒன்று தொங்கும். யாரோடு பேசினாலும் பேச்சின் நடுவே அந்த லென்சைக் கண்ணில் வைத்துத் தரையைப் பார்த்துவிடுவார். பேசிக்கொண்டிருப்பவர்கள் தங்களை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். வேலையில் கண் வைத்தவர்களுக்கு மரியாதை தனியாகச் செய்ய நேரம் இருக்காது.

குழியிலிருந்து மண்ணைப் பை பையாகக் கட்டி, எந்த ஆழம், எந்த மூலை என்று சீட்டுப் போட்டுக் கொண்டுவருவார்கள். பம்ப் செட் பக்கத்தில் நீல டிரம் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் நிரப்பி மண்ணைக் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் உட்கார்ந்துவிடும், கரி மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய வலையில் வடித்து நிழலில் உலர்த்துவது. அடியில் தங்குகிற சக்கையை, கல், ஓடு, எலும்பு எல்லாவற்றையும், வேறு தட்டில் காயவைத்துப் பிறகு பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். முதலில் அந்த வேலையில் நின்ற இரண்டு பேரும் மோர் கடைகிற மாதிரி கலக்கி, மிதந்ததில் பாதியைத் தூளாக்கிவிட்டார்கள். மேடம் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு நான் கேட்காமலேயே போய் டிரம்மில் கையை விட்டேன். குண்டானில் அரிசி அரித்துக் கல் எடுக்கிறவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா. தண்ணீரைத்தான் அசைக்க வேண்டும், மண்ணை அசைக்கக் கூடாது. தண்ணீர் அசைந்தால் மண்ணே கரியை விட்டுவிடும். மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் டிரம் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த டிரம் பக்கம் என்னைக் கேட்காமல் எம்.ஏ. படித்த பிள்ளைகள் கூட வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

உலர்ந்ததை மேடம் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, மயிர்க்குச்சி போன்ற ஒரு பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கொள்ளு கருகினாலும் கொள்ளுதான், யார் பார்த்தாலும் தெரியும். வரகு உருண்டையாக இருக்கும். கோரைப் புல்லின் விதை மூன்று பட்டையாக மினுங்கும். முதலில் மேடம் எனக்குக் காட்டினார், கொஞ்ச நாளில் நான் அவருக்குக் காட்டினேன். களை எடுத்தே காலம் கழித்தவளுக்குக் களையின் விதையும் தெரியும். "கல்வெட்டுல ஏரியை வெட்டினவங்க, காவா பராமரிச்சவங்க பேரெல்லாம் இருக்கும்மா. அன்னைக்கு ராத்திரி யார் வீட்ல என்ன சாப்பாடுன்னு கல்வெட்டு சொல்லாது. அதை இந்தக் கரிதான் சொல்லணும்" என்பார்.

அந்தக் குழி அவருக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பதும் அப்படிப் பேசியபோது தெரிந்ததுதான். ஆள் உயரக் குழி. அடியில் கிடைத்த மண்ணில் வரகும் கொள்ளும்தான், நெல் இல்லவே இல்லை. அதற்கு மேலே வண்டல் போல ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சுக்கு மேலே திடீரென்று நெல், நெல்லோடு கோரை. தண்ணீர் நிற்கிற வயலில்தான் கோரை வரும். அப்படியென்றால் நடுவில் ஏரி வந்திருக்கிறது. வானம் பார்த்த பூமியாக இருந்த இடம் நஞ்சையானது இந்த ஒரு முழ உயரத்துக்குள் எழுதியிருக்கிறது என்றார். நாங்கள் பரம்பரையாக நஞ்சைக்காரர்கள் என்று மற்ற ஊர்க்காரர்களிடம் கொஞ்சம் மிதப்பாகவே பேசுவோம். எங்களுக்கும் முன்பு இங்கே வரகு தின்றவர்கள் இருந்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

நெல் கிடைத்த செய்தி பேப்பரில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். வாலாஜாபாத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, ஆயிரம் வருஷத்து நெல்லா, அடேயப்பா என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். அந்த அடேயப்பாதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் மேடம் குழி ஓரத்தில் கால் பிசகி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் பம்ப் செட் மோட்டார் புகைந்தது. கண் பட்டுவிட்டது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேடத்திடம் சொன்னால் சிரிப்பார். அதனால் வெள்ளிக்கிழமை மதியம், அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நாங்களே கழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். மிளகாய் என் வீட்டிலிருந்து, காம்போடு ஏழு. கல் உப்பும் கடுகும் ஓரகத்தி கொண்டுவந்தாள். மூத்தவள் என்பதால் சுற்றியது நான். மேடத்தின் தொப்பி அங்கே மாட்டியிருந்தது. அதை அவராக நினைத்து மூன்று சுற்று, குழிக்கு மூன்று சுற்று. உடைந்த ஓடு ஒன்றில் நெருப்புப் போட்டு, மிளகாயையும் உப்பையும் நான் அதில் போட்டேன், கடுகை ஓரகத்தி போட்டாள். நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம். துளி நெடி வரவில்லை. எவ்வளவு பெரிய கண் பட்டிருக்கிறது பாருங்கள். எரிந்தும் எரியாமலும் இருந்ததை ஓட்டோடு தூக்கிக் கிழக்குப் பக்கம் மண் கொட்டுகிற இடத்தில் வீசிவிட்டு வந்தேன். வீசினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாளே மேடத்தின் வீக்கம் வடிந்துவிட்டது. எங்களுக்குள் கண் ஜாடையில் பேசிக்கொண்டோம். திங்கட்கிழமை கிழக்கு மூலையைத் தோண்டினார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பைகளை நான்தான் அரித்தேன். புதன்கிழமை மேடம் தட்டில் கடுகு கண்டார். நாலைந்து கடுகு, கருகி உருண்டையாக. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். நெல் தின்றவர்கள் தாளிக்கவும் செய்திருக்கிறார்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் ஆவென்று பார்த்தேன். கடுகுக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதையாவது செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு. நிஜமாகவே மறந்துபோய்விடும்.

வியாழக்கிழமை மதியம் மேடம் என்னைக் கூப்பிட்டார். தட்டின் நடுவே தட்டையாக, ஓரம் வளைந்து, ஒரு விதை. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு. அவர் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. இது கத்திரி விதையா, மிளகாய் விதையா என்று கேட்டார். கருகி உப்பிவிட்டதால் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது, வருஷம் தவறாமல் இரண்டையும் நாற்று விடுகிற கை உங்களுடையது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று லென்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அதுவரை அந்த லென்சை அவர் கழுத்திலிருந்து கழற்றி நான் பார்த்ததில்லை. கத்திரி என்றால் நல்லது, அது நம் ஊர்க் காய் என்றார். மிளகாய் என்றால்? மிளகாய் ராஜாக்கள் காலத்தில் நம் நாட்டிலேயே கிடையாது, பிற்பாடு கப்பலில் வந்தது என்றார். அதற்கு முன்னால் காரத்துக்கு மிளகுதான். நான் திகைத்துப் போனேன். மிளகாய் இல்லாமல் குழம்பு எப்படி வைத்தார்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம் சொல்லிக்கொண்டே போனார். நெல் மண்ணில் மிளகாய் இருந்தால், எலி வளை வழியாகவோ வெடிப்பு வழியாகவோ புது மண் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் குழியில் எதையும் நம்ப முடியாது. வரகையும் நம்ப முடியாது, நெல்லையும் நம்ப முடியாது. நாளை சென்னையிலிருந்து மேலதிகாரி, பெரிய சார், வருகிறார், பார்த்தால் குழியை மூடச் சொல்லிவிடுவார். இத்தனை பையும் கொட்டி மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

லென்சு தேவையே இல்லை. வெறும் கண்ணால் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கத்திரி விதைக்கு நடு கொஞ்சம் மேடாக இருக்கும், மிளகாய் விதைக்கு ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். அது மிளகாய்தான், அதுவும் என் வீட்டுக் குண்டு மிளகாய். கத்திரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடம் முகம் மலரும், குழி பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். ஆனால் கத்திரியைக் கத்திரி என்றும் மிளகாயை மிளகாய் என்றும் சொல்லித்தான் எனக்கு நாலு பேர் நடுவில் மரியாதை. மிளகாய் என்று சொன்னாலோ, அடுத்த கேள்வி எப்படி வந்தது என்பது. இரண்டும் வேண்டாம் என்று நான் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேன்.

"தெரியலியே மேடம்."

என் வாழ்நாளில் ஒரு விதையைப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. மேடம் நம்பிவிட்டார். அதுதான் குத்தியது. பரவாயில்லைம்மா, கருகினதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லி லென்சை வாங்கிக்கொண்டார். நான் நேரே ஓரகத்தியிடம் போனேன். அவள் கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, வெள்ளிக்கெயமை நான் வீசனது எங்க வுயுந்துது?"

"குழிலதான் அக்கா. மண்ணு மேல பட்டு உருண்டுக்கினு போயி கெயக்கு மூலைல வுயுந்துது. நான்தான் எறங்கி காலால மண்ணத் தள்ளி மூடிட்டேன்."

"இத்தினி நாளா இன்னாடி பண்ணிக்கினு இருந்த? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீதானே சொன்ன, கழிச்சதப் பத்திப் பேசனா கண்ணு திரும்பிக்கும்னு. எனுக்கு இன்னா, நான் உன் பேச்சக் கேட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதுதான் என் கிரகம். அன்று சாயங்காலம் டிரம்மைக் கழுவிக் கவிழ்க்கும்போது பார்த்தேன். கட்டி அடுக்கிய பைகள், ஒவ்வொன்றிலும் சீட்டு, மாசியிலிருந்து நான் கை ஊற ஊற அரித்தவை. மேடம் பல வருஷம் அலைந்து இந்தக் குழிக்கு வந்திருக்கிறார். இன்னும் ஒரு மாதம்தான் தோண்ட அனுமதி. இத்தனையும் என் ஏழு மிளகாய்க்காகக் குப்பைக்குப் போவதா? சொல்லிவிட்டால் டிரம் பக்கம் இனி என்னை விடுவாரா? அது வேறு.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். மேடம் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது கத்திரி இல்ல, மிளகாதான். நேத்து தெரியலன்னு சொன்னது பொய். அந்த மிளகா என்னுது."

முழுசாகச் சொன்னேன். தொப்பியைச் சுற்றியது, நெடி வராதது, திரும்பிப் பார்க்காதது எல்லாம். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனால், டீ சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் தொப்பிக்கா, என் தொப்பிக்கா என்று இரண்டு தடவை கேட்டார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப அந்தக் கடுகு?"

"அதுவும் நம்பளுதுதான் மேடம்."

அதற்குத்தான் அவர் முகம் வாடியது. கடுகைப் பற்றி யாருக்கோ போன் செய்து சொல்லிவிட்டாராம். ஆனாலும் நோட்டை எடுத்து, எத்தனை மிளகாய், காம்போடா காம்பில்லாமலா, எந்த இடத்தில் நின்று வீசினேன், எந்தப் பக்கம் காற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கிழக்கு மூலையின் நாலு பைகளை மட்டும் தள்ளிவிட்டால் மற்றவை நிற்கும் என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பெரிய சார் பத்து மணிக்கு வந்தார். நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். மேடம் சொன்னதையெல்லாம் கேட்டார், குழியில் இறங்கிக் கிழக்கு மூலையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மேலே வந்து, என்னை வைத்துக்கொண்டே, ஆனால் என்னைப் பார்க்காமல், மேடத்திடம் சொன்னார்.

"இந்தம்மாவுக்கு உங்க மேல பாசம். குழியை மூடிடுவாங்கன்னு தெரிஞ்சு உங்களுக்காகச் சொல்றாங்கன்னு ஏன் இருக்கக் கூடாது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வேலை தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். மானத்தை விட்டு வாயைத் திறந்து நிஜத்தைச் சொன்னால், அதைப் பொய் என்கிறார். பதில் சொல்லலாம் என்றால், நேற்று ஒரு பொய் சொன்ன வாய் இது என்பது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதுதான் பின்னாலிருந்து ஓரகத்தி பேசினாள்.

"சார், கடுகு நான் போட்டது. பாக்கெட்டு பிரியல. பல்லால கடிச்சி ஓட்டையாக்கி, பேஜார் புடிச்சிப்போயி பாக்கெட்டோட போட்டுட்டேன். அக்காவுக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். திருஷ்டி கழிப்பதில் அப்படி ஒரு சோம்பேறித்தனம் செய்வாள் என்று நான் எப்படிக் கண்டேன். நெடி வராததற்குக் கூட அந்தப் பாக்கெட்தான் காரணமோ என்னவோ. ஆனால் எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மிதந்ததைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பைகளின் அடியில் தங்கிய சக்கை இன்னும் தட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது, யாரும் தொடவில்லை. நானே போய்க் கிழக்கு மூலைத் தட்டுகள் நாலையும் கொண்டுவந்து சார் முன்னால் வைத்தேன். கல்லும் ஓடும் மண்ணாங்கட்டியும். மூன்றாவது தட்டில், களிமண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உருகிச் சுருண்ட ஒரு பிளாஸ்டிக் கட்டி. ஒரு பக்கத்தில் மஞ்சள் நிறமும் பாதி எழுத்தும் தெரிந்தன. சார் லென்சு வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த ராஜா காலம்?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்று நாங்கள் பத்துப் பேரும் பார்த்தோம்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மிளகாயும் கடுகும் முந்தின வாரம் மேலிருந்து விழுந்தவை, எலி கொண்டுவந்தவை இல்லை என்பது தீர்ந்துவிட்டதால் நஷ்டம் நாலு பைகளோடு போயிற்று. சார் தன் நோட்டில் நடந்ததை எழுதி, என்னிடம் படித்துக் காட்டினார். சாட்சிக்கு ஒரு கைநாட்டு வைத்தால் நல்லது என்று மை டப்பாவைத் தேடினார். பேனாவைக் கொடுங்கள் என்றேன். என் பெயரில் ஆறு எழுத்து. அவசரப்படாமல் எழுதினேன், அவரும் அவசரப்படுத்தவில்லை. போகும்போது, இனி குழிப் பக்கம் திருஷ்டி கழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதெப்படி முடியும். அவர் ஜீப் ஏறியதும் நாங்கள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டோம். எலுமிச்சம்பழம்? அதில் விதை. பூசணிக்காய்? அதில் இன்னும் விதை. தேங்காய்? ஓடு கருகினால் வம்பு. கடைசியில் வெறும் கற்பூரம் என்று பேசி முடித்தோம். அதுவும் ரோட்டில், காற்றுக்கு எதிர்ப்பக்கம், மேடம் எதிரில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேடம் தொப்பியோடு வந்து நின்று சுற்றிக்கொண்டார். டிரம் கடைசி நாள் வரை என்னிடமே இருந்தது.

இந்தத் தையில் மேடம் மறுபடியும் வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. லென்சு மட்டும் அதே கயிற்றில். ஆராய்ச்சியெல்லாம் முடிந்து புத்தகமாக வந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, திரையில் படம் போட்டுக் காட்டினார். வரகு, கொள்ளு, வண்டல், நெல், கோரை. நம் ஏரி எப்படி நம் சோற்றை மாற்றியது என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். எனக்கு எல்லாம் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையில் நின்ற நெல்லைத் திரையில் பூசணிக்காய் அளவுக்குப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது. அவர் பேசி முடித்ததும் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்தார். ஊர் எல்லையில் பெரிய போர்டு வைக்கப்போவதாகச் சொன்னார். நத்தமேட்டுக் குழியில் மிளகாய் கிடைத்தது என்று போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மிளகாய் விளைந்த ஊர் நம்முடையது, உலகத்திலேயே வேறு எங்கும் இல்லை, அதைத்தான் முதலில் எழுதப்போகிறோம் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் யாருடையது என்று கேள்வி வரும். அதை என்னைக் கேட்காமல் அவர் சொல்ல மாட்டார்.

அன்றைக்கு ஒரே ஒரு ஆளிடம் சொல்ல எனக்கு அரைப் பகலும் ஒரு இரவும் ஆயின. இப்போது முட்டிவலியோடு தரையிலிருந்து எழுந்திருக்க ஆன நேரம்தான் ஆனது.

"தலைவரே, அந்தப் போர்டுல மிளகாயப் போடாதீங்க. அது என்னுது."

பக்கத்திலிருந்து ஓரகத்தி என் புடவையைப் பிடித்து இழுத்து, பாக்கெட்டையும் சொல்லு, அதை வுட்டுடாத என்றாள். சொன்னேன். நின்றபடியே, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். என் பேரன் வயசுப் பிள்ளைகளெல்லாம் போனில் படம் பிடித்தார்கள். தலைவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனாலும், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

போர்டு வைத்தாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், பச்சையில் வெள்ளை எழுத்து. வரகு, கொள்ளு, நெல் என்று இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்துவிடுவேன். அதில் மிளகாய் இல்லை. இல்லாததற்குக் காரணம் நான்தான்.